சிதறிய தட்டுகளிலிருந்து ஒரு பேராமை

மென்னோட்டு ஆமைகள் டிரையோனிக்கிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. மற்ற பெரும்பாலான ஆமைகளின் ஓட்டை மூடியிருக்கும் கெராட்டின் செதில்கள் இவற்றுக்குக் கிடையாது. தடித்த தோலே ஓட்டைப் போர்த்தியிருக்கும். தட்டையான உடல், நீண்ட கழுத்து, குழாயாக நீண்ட மூக்கு, அகன்ற சவ்வுக் கால்கள், ஒவ்வொரு காலிலும் மூன்று நகங்கள் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். தமிழகத்தின் ஏரி, குளம், வயல் வாய்க்கால்களில் காணப்படும் பாலாமை இந்தக் குடும்பத்தின் சிறிய உறுப்பினர்களுள் ஒன்று. இன்றுள்ளவற்றில் மிகப் பெரியது சீனாவிலும் வியட்நாமிலும் வாழ்ந்துவந்த யாங்சி மென்னோட்டு ஆமை. ஹனோய் நகரின் ஹோவான் கியெம் ஏரியில் வாழ்ந்து 2016 ஜனவரியில் இறந்த ஆமை இந்த வகையைச் சேர்ந்தது. 2011இல் சிகிச்சைக்காகப் பிடிக்கப்பட்டபோது அதன் எடை 169 கிலோ.

குடும்பத்தின் வரலாறு நீண்டது. சீனாவின் லியாவ்னிங் மாகாணத்தில் கிடைத்த பெரோகெலிஸ் என்ற மென்னோட்டு ஆமை ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியில் வாழ்ந்தது. அப்போதே உடலமைப்பு பெரும்பாலும் இன்றைய வடிவத்தை எட்டிவிட்டது. பின்னர் வந்த கிளைகளில் சில, இன்றைய எந்த மென்னோட்டு ஆமையையும்விடப் பெரிதாக வளர்ந்தன. ஆனால் அவற்றின் முழு எலும்புக்கூடுகள் அரிது. கிடைப்பவை பெரும்பாலும் ஓட்டுத் துண்டுகள், ஒரு தாடை, ஒரு மார்புத்தட்டு எலும்பு, சில வேளைகளில் ஒரு மண்டையோடு. அவற்றைக் கொண்டு முழு விலங்கை மீட்டுருவாக்கும் வேலை பல படிகளைக் கொண்டது. எல்லாப் படிகளும் ஒரே அளவு உறுதியானவை அல்ல.

ஓட்டின் அமைப்பு

சாதாரண ஆமையின் மேலோடு பல எலும்புத் தட்டுகள் இணைந்து உருவானது. நடுவில், முதுகெலும்பின் மேல், வரிசையாக நியூரல் தட்டுகள். அவற்றின் இருபுறமும் பொதுவாக எட்டு இணைக் காஸ்டல் தட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு விலா எலும்போடு ஒன்றாகிவிட்டது. முன்புறத்தில், கழுத்தின் மேல், நியூக்கல் என்ற அகன்ற தட்டு. இவற்றைச் சுற்றி விளிம்பெலும்புகள் பூட்டுப்போட்டு நிற்கும்.

மென்னோட்டு ஆமைகளில் இந்த விளிம்பெலும்புகள் மறைந்துவிட்டன. பாலாமையின் இனத்தில் மட்டும் பின் விளிம்பில் சிறு எலும்புகள் உண்டு. மற்றவற்றில் காஸ்டல் தட்டு முடிந்த இடத்துக்கு அப்பாலும் விலா எலும்பின் நுனி தனியாக நீண்டு தோலுக்குள் நிற்கும். அதற்கும் அப்பால் எலும்பே இல்லாத, வளையக்கூடிய தோல் மடிப்பு. உயிரோடிருக்கும் ஆமையைப் பார்ப்பவருக்குத் தெரியும் வட்டத்தில் கணிசமான பகுதி இந்த மடிப்புதான். புதைபடிவத்தில் மிஞ்சுவது நடுவிலுள்ள எலும்புத் தட்டு மட்டுமே. எனவே ஆய்வுக் கட்டுரைகளில் காணப்படும் மேலோட்டு நீளம் எலும்பைக் குறிக்கிறதா, தோலையும் சேர்த்துச் சொல்கிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். இதைக் கவனிக்காமல் இரண்டு ஆமைகளை ஒப்பிட்டால் பெரியது எது என்ற தீர்ப்பே தலைகீழாகிவிடும்.

வயிற்றுப் பக்கத்து அடியோடும் இதே போக்கில் குறைந்திருக்கிறது. மற்ற ஆமைகளில் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தும் எலும்புகள், இங்கே இடைவெளி விட்டு, தோலால் பிணைக்கப்பட்டு நிற்கின்றன. முன்பகுதியில் இரு கைகள் கோணமாக விரிந்த வடிவில் ஓர் எலும்பு உண்டு. அதன் பெயர் என்டோபிளாஸ்ட்ரான். பேராமைகளின் அளவைக் கணக்கிடுவதில் இந்த எலும்புக்கு முக்கிய இடம் உண்டு.

குழிகளும் மேடுகளும்

மென்னோட்டு ஆமையின் ஓட்டெலும்பை அடையாளம் காண்பது எளிது. அதன் வெளிப்பரப்பு முழுவதும் சிறு குழிகளும் அவற்றைச் சூழ்ந்த வரப்புகளும் நிறைந்திருக்கும். உள்ளங்கை அளவுத் துண்டு கிடைத்தாலும் குடும்பத்தைச் சொல்லிவிடலாம். இந்தப் பரப்புத் தோலோடு நெருங்கிப் பிணைந்தது. 2007இல் டார்ஸ்டன் ஷேயர் தலைமையிலான குழு, வாழும் மென்னோட்டு ஆமைகளின் எலும்பையும் புதைபடிவ எலும்பையும் மெல்லிய சீவல்களாக்கி, துருவப்படுத்திய ஒளியில் நுண்ணோக்கியின் கீழ் ஆராய்ந்தது. வெளிப்புற எலும்பில் கொலாஜன் நார்க் கற்றைகள் அடுக்கடுக்காக, ஓர் அடுக்கின் திசைக்குக் குறுக்கே அடுத்த அடுக்காக, ஒட்டுப்பலகையைப் போல் அமைந்திருந்தன. மெல்லிய ஓட்டுக்கு உறுதி தருவது இந்த அமைப்பு. கோடிக்கணக்கான ஆண்டுகள் பழைய எலும்பிலும் அதே அமைப்பு இருப்பதால், தோல் அழிந்துபோன விலங்குக்கும் அதே வகைத் தோல் இருந்தது என்று சொல்ல நேரடியான சான்று கிடைக்கிறது.

எளிதில் அடையாளம் தெரிவதற்கு மறுபக்கமும் உண்டு. ஆமை இறந்து தோல் அழுகியதும், பூட்டிப் பிடிக்க விளிம்பெலும்புகள் இல்லாத ஓடு விரைவில் கலைந்துவிடும். தட்டுகள் ஆற்று நீரில் அடித்துச் செல்லப்பட்டுப் பல இடங்களில் ஒதுங்கும். ஆகவே ஆற்றுப் படிவுகளில் மென்னோட்டு ஆமைத் துண்டுகள் ஏராளம். ஒரே விலங்கின் பகுதிகள் சேர்ந்து கிடைப்பது குறைவு. துண்டு எந்தக் குடும்பத்தது என்று சொல்ல முடிகிறது. எந்தச் சிற்றினத்தது என்று சொல்வது கடினமாகிறது.

பெயர்களின் பெருக்கம்

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் புதைபடிவ வேட்டை தீவிரமாக நடந்தபோது இந்தச் சிக்கல் பெரிதாயிற்று. ஜோசப் லைடி, எட்வர்ட் டிரிங்கர் கோப் முதலானோர் சிறு துண்டுகளுக்கும் தனிப் பெயர் சூட்டினர். வயோமிங்கின் பிரிட்ஜர் படிவில் கிடைத்த ஒரு பெரிய மென்னோட்டு ஆமைக்கு 1872இல் கோப் ஆக்ஸெஸ்டஸ் என்று பெயரிட்டார். அந்தப் பெயர் வேறொரு விலங்குக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டிருந்ததால், 1899இல் ஆலிவர் ஹே அதை ஆக்ஸெஸ்டெமிஸ் என மாற்றினார். பிறகு பேலியோடிரையோனிக்ஸ் போன்ற பெயர்கள் தனி இனங்களாகச் சேர்ந்தன.

ஐரோப்பாவிலும் இதே கதை. இங்கிலாந்தில் கிடைத்த மிகப் பெரிய மண்டையோடு ஒன்றுக்கு 1970இல் யூரிசெஃபலோகெலிஸ் என்ற பெயர் கிடைத்தது. ஓட்டெலும்புகளை வைத்து விவரிக்கப்பட்ட மற்றோர் ஆமைக்கு வேறு பெயர் இருந்தது. பிற்கால மறுஆய்வில் இரண்டும் ஆக்ஸெஸ்டெமிஸ் விட்டாட்டா என்ற ஒரே சிற்றினத்தின் கீழ் வந்தன. தலைக்கு ஒரு பெயர், உடலுக்கு ஒரு பெயர் என்று ஒரு விலங்கே இரண்டாக எண்ணப்பட்டிருந்தது.

இந்தச் சிக்கலை அவிழ்க்க வாழும் ஆமைகளை அளப்பது உதவியது. ஜேம்ஸ் கார்ட்னரும் அந்தோணி ரஸ்ஸலும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே சிற்றினத்தைச் சேர்ந்த ஆமைகளுக்குள்ளேயே மேலோட்டின் தட்டு வடிவங்களும் பரப்பின் வரிகளும் பெரிதும் மாறுபடுவதைக் காட்டினர். அப்படியானால், அத்தகைய வேறுபாடுகளை மட்டும் வைத்துப் புதைபடிவங்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்களில் பல நிற்காது. 2012இல் நடாஷா விட்டெக் வட அமெரிக்காவின் பெரிய மென்னோட்டு ஆமைகளை மறுபரிசீலனை செய்து, சிதறிக் கிடந்த பெயர்களை ஒழுங்குபடுத்தி, பேலியோடிரையோனிக்ஸை ஆக்ஸெஸ்டெமிஸுக்குள் சேர்த்தார். பின்னர் 2019இல் கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியைச் சேர்ந்த ஆக்ஸெஸ்டெமிஸ் இன்ஃபெர்னாலிஸ் விவரிக்கப்பட்டது. இதனால் இந்த இனம் டைனோசர்களின் காலத்திலேயே இருந்து, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவைக் கடந்து, இயோசீன் காலம் வரை நீடித்தது தெரிகிறது. நன்னீர் ஆமைகளில் பெரும்பாலானவை அந்த அழிவிலிருந்து தப்பின. குறைந்த ஆற்றலில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் உடலும், மட்கிய பொருள்களைச் சார்ந்து நிற்கும் ஆற்று உணவுச் சங்கிலியும் அதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

வளர்ந்ததா, வளர்வதா

அளவைச் சொல்வதற்கு முன் வயதைத் தீர்மானிக்க வேண்டும். மென்னோட்டு ஆமைக் குஞ்சுகளின் மேலோட்டில், நியூக்கல் தட்டுக்கும் முதல் காஸ்டல் தட்டுக்கும் நடுவே திறந்த இடைவெளிகள் இருக்கும். பெரும்பாலான வகைகளில் வளர வளர எலும்பு பரவி அவை மூடிக்கொள்ளும். எனவே இடைவெளி திறந்திருந்தால் இளம் ஆமை என்று கொள்வது இயல்பு. ஆனால் ஆக்ஸெஸ்டெமிஸில் முழு வளர்ச்சி அடைந்த பெரிய ஆமைகளிலும் அந்த இடைவெளி மூடுவதில்லை. இந்த இனத்துக்குப் பொது விதியைப் பயன்படுத்தினால், முதிர்ந்த ஆமையைக் குட்டியாகக் கருதி, இது இன்னும் எவ்வளவோ வளர்ந்திருக்கும் என்ற தவறான முடிவுக்கு வர நேரிடும்.

அடியோட்டு எலும்புகளின் மேல், வயதாகும்போது குழிகளும் வரப்புகளும் கொண்ட தடிப்புகள் உருவாகும். அவற்றின் பரப்பு முதிர்ச்சிக்கு மற்றொரு அறிகுறி. கால் எலும்புகளின் குறுக்குவெட்டில் வளர்ச்சி நின்று தொடர்ந்த கோடுகளையும் எண்ணலாம். ஆனால் முதிய ஆமைகளில் உட்புற எலும்பு கரைந்து மீண்டும் உருவாவதால் தொடக்கக் காலக் கோடுகள் அழிந்திருக்கும். ஆணா பெண்ணா என்பதும் அளவைப் பாதிக்கும். மென்னோட்டு ஆமைகள் பலவற்றில் பெண் ஆணைவிடப் பெரியது. ஒரே ஒரு பெரிய எலும்பு கிடைக்கும்போது அது சிற்றினத்தின் சராசரியையா, மிகப் பெரிய பெண் ஆமையையா காட்டுகிறது என்பது திறந்த கேள்வியாகவே இருக்கும்.

டிராஸிண்டாவின் ஆமை

மென்னோட்டு ஆமைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று பாகிஸ்தானில் கிடைத்தது. பஞ்சாப் மாகாணத்தின் சுலைமான் மலைத்தொடரில் உள்ள டிராஸிண்டா படிவு, இயோசீன் காலத்தின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த களிமண் பாறைகளால் ஆனது. இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதிக்கொண்டிருந்த காலம் அது. நடுவில் இருந்த டெத்திஸ் கடல் சுருங்கிவந்தது. இதே படிவிலிருந்து பெசிலோசாரஸ் என்ற பழங்காலத் திமிங்கிலத்தின் எலும்புகளும் கிடைத்துள்ளன.

1999இல் ஜேசன் ஹெட், மஹ்மூத் ரஸா, ஃபிலிப் ஜிஞ்சரிச் ஆகியோர் இந்தப் படிவின் ஆமையை டிராஸிண்டெரிடீஸ் டெத்தியென்சிஸ் என்று பெயரிட்டு விவரித்தனர். பெயருக்கு ஆதாரமான மாதிரி ஒரு பகுதி எலும்புக்கூடு. அதோடு, அதே படிவில் தனியாகக் கிடைத்த மிகப் பெரிய என்டோபிளாஸ்ட்ரான் எலும்பு ஒன்றும் உண்டு. அது இதே சிற்றினத்தைச் சேர்ந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பேராமை என்ற மதிப்பீட்டுக்கு அடிப்படை அந்த எலும்புதான். அதை வைத்துச் செய்யப்பட்ட கணக்கின் மேல் எல்லை, தோல் மடிப்பைச் சேர்க்காமலே, மேலோட்டின் எலும்புப் பகுதி 2 மீட்டர் வரை இருந்திருக்கலாம் என்கிறது.

ஓர் எலும்பிலிருந்து ஓர் உடல்

இத்தகைய கணக்கின் வழி எளிமையானது. வாழும் மென்னோட்டு ஆமைகளிலும் முழுமையாகக் கிடைத்த புதைபடிவங்களிலும் குறிப்பிட்ட எலும்பின் அளவையும் மேலோட்டின் நீளத்தையும் அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். அந்த விகிதத்தைத் தனி எலும்பின் மீது பொருத்தினால் ஓட்டின் நீளம் வரும். சிக்கல், விகிதம் ஒற்றை எண்ணாக வராது என்பதில் இருக்கிறது. வகைக்கு வகை, ஆமைக்கு ஆமை அது மாறும். எடுத்துக்காட்டாக, எலும்பின் அகலம் 50 செ.மீ. என்றும், ஒப்பிட்ட ஆமைகளில் மேலோடு அந்த அகலத்தைப்போல் 3 முதல் 4 மடங்கு வரை இருந்தது என்றும் வைத்துக்கொண்டால், விடை 1.5 மீட்டர் முதல் 2 மீட்டர் வரை விரியும். இரண்டு எல்லைகளும் சேர்ந்ததுதான் முடிவு. மேல் எல்லையை மட்டும் எடுத்துச் சொல்வது முடிவாகாது.

எடைக்குப் போகும்போது இந்த இடைவெளி மேலும் அகலும். ஒரே வடிவமுள்ள உடல்களில் எடை நீளத்தின் மும்மடிக்கேற்ப உயரும். நீளம் இரட்டித்தால் எடை 8 மடங்காகும். மேலே சொன்ன 1.5 மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வேறுபாடு. எடையிலோ அது 2 மடங்கைத் தாண்டிவிடும். பெரிய ஆமையின் உடல் சிறிய ஆமையின் உடலை அப்படியே பெருக்கியதாக இருக்கும் என்பதும் ஓர் அனுமானமே. வளர்ச்சியில் தலை, கால், ஓடு ஆகியவை ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மென்னோட்டு ஆமைகள் சிலவற்றில் முதிர்ந்த பெண்களின் தலை உடலைவிட வேகமாகப் பருக்கும். அப்படிப்பட்ட மண்டையோடு ஒன்றைக் கொண்டு உடலைக் கணக்கிட்டால் விடை மிகையாகவே வரும்.

மிகை மதிப்பீட்டுக்கு இந்தியத் துணைக்கண்டமே ஒரு பழைய சான்றைத் தருகிறது. ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் சிவாலிக் மலைகளில் கண்டெடுத்த பெரிய தரை ஆமைக்கு 1844இல் கொலோசோகெலிஸ் என்ற பெயர் வழங்கினர். துண்டுகளிலிருந்து அதன் மேலோடு 12 அடி நீளம் என்று கணக்கிடப்பட்டது. பின்னர் ரிச்சர்ட் லைடெக்கர் முதலானோர் மறுபரிசீலனை செய்தபோது அந்த அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இன்று மெகலோகெலிஸ் என்று வழங்கும் அந்த ஆமைக்கு ஓட்டின் நீளம் 2 மீட்டர் அளவு என்பதே பொதுவான கருத்து. அப்போதும் அது அறியப்பட்ட தரை ஆமைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றுதான்.

துண்டு எலும்பிலிருந்து உடலை மதிப்பிடும் முறை ஆமைகளோடு நிற்பதில்லை. டிராஸிண்டெரிடீஸை விவரித்த ஜேசன் ஹெட் 2009இல் கொலம்பியாவின் டைட்டனோபோவா பாம்பை விவரித்த குழுவுக்கும் தலைமை தாங்கினார். முதுகெலும்பு முள்ளெலும்புகளை வாழும் பாம்புகளோடு ஒப்பிட்டு, அதன் நீளம் ஏறத்தாழ 13 மீட்டர் என்று அக்குழு கணக்கிட்டது. பிரேசிலில் ஒரு கீழ்த்தாடையை மட்டும் வைத்து 2024இல் விவரிக்கப்பட்ட பெல்டோசெஃபலஸ் மாட்டுரின் என்ற நன்னீர் ஆமைக்கு 1.8 மீட்டர் ஓடு மதிப்பிடப்பட்டதும் இதே வழியில்தான்.

நசுங்கியதை நிமிர்த்தல்

எலும்பு கிடைத்த வடிவம் விலங்கின் வடிவமாக இருக்க வேண்டியதில்லை. மேலே படிந்த பாறையின் எடையால் ஓடு நசுங்கித் தட்டையாகும். பக்கவாட்டில் சரிந்து கோணலாகும். மென்னோட்டு ஆமை இயல்பிலேயே தட்டையானது என்பதால், தட்டை எவ்வளவு உடலுடையது, எவ்வளவு பாறை செய்தது என்று பிரிப்பது கடினம். தட்டுகள் இணையும் ஓரங்களின் சாய்வுக் கோணம் இதற்கு உதவும். இணையோரங்களைச் சரியாகப் பொருத்தும்போது ஓடு தானாக எடுக்கும் வளைவே அதன் உண்மையான வளைவுக்கு அருகில் நிற்கும். இந்த வேலை இன்று பெரும்பாலும் கணினியில் நடக்கிறது. சி.டி. ஸ்கேன் அல்லது பல கோணப் புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி உருவாக்கி, ஒரு பக்கம் உடைந்திருந்தால் மறுபக்கத்தின் பிரதிபலிப்பால் நிரப்பலாம். நிரப்பிய பகுதிகளை வேறு நிறத்தில் காட்டுவது நல்ல வழக்கம். பார்ப்பவர் எலும்பையும் அனுமானத்தையும் பிரித்தறிய அது துணைசெய்கிறது.

தசையும் தோலும்

எலும்புக்கு மேல் உடலைக் கட்டுவதற்கு உறவுமுறை கைகொடுக்கிறது. அழிந்த விலங்கின் இருபுறமும் உறவுள்ள இரண்டு வாழும் கிளைகள் ஒரு பண்பைப் பகிர்ந்துகொண்டால், அழிந்ததற்கும் அந்தப் பண்பு இருந்ததாகக் கொள்ளலாம். குழாய் மூக்கு, தோல் போர்த்திய ஓடு, மூன்று நகங்கள் ஆகியவை குடும்பம் முழுவதற்கும் பொதுவானவை. எனவே ஆக்ஸெஸ்டெமிஸுக்கோ டிராஸிண்டெரிடீஸுக்கோ அவற்றை வரைவதில் தயக்கமில்லை. தோல் மடிப்பின் அகலம், தோலின் நிறம், புள்ளிகள் ஆகியவற்றில் வாழும் வகைகளே ஒன்றோடொன்று மாறுபடுகின்றன. ஓவியங்களில் காணும் அந்த விவரங்கள் ஓவியரின் தேர்வு.

தோல்வழிச் சுவாசமும் இந்த வகையில் ஊகிக்கப்படுகிறது. மென்னோட்டு ஆமைகள் தோல் வழியாகவும் தொண்டையின் உட்பரப்பு வழியாகவும் நீரிலுள்ள ஆக்சிஜனைப் பெற வல்லவை. ஜெர்மனியின் மெஸ்ஸல் ஏரிப் படிவில், 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அலேயோகெலிஸ் ஆமைகள் இணைசேர்ந்த நிலையிலேயே இணை இணையாகப் புதைந்து கிடைத்துள்ளன. இவை மென்னோட்டு ஆமைகளுக்கு மிக நெருங்கிய பன்றிமூக்கு ஆமைக் குடும்பத்தவை. மேல்மட்ட நீரில் இணைசேரத் தொடங்கி, மூழ்கும்போது ஏரியின் நச்சு நீரடுக்கை அடைந்ததும், தோல் வழியாக நச்சை உறிஞ்சி அவை இறந்திருக்கலாம் என்று 2012இல் வால்டர் ஜாய்ஸ் தலைமையிலான குழு விளக்கியது. பேராமைகளுக்கு இது அப்படியே பொருந்தாது. உடல் பெரிதாகும்போது எடையைவிடத் தோலின் பரப்பு குறைந்த வேகத்தில் கூடும். ஆகவே தோல்வழி ஆக்சிஜனின் பங்கு சுருங்கி, நுரையீரலின் பங்கு கூடியிருக்க வேண்டும்.

வெப்பமும் நீரும்

ஆமையின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. பெரிய மென்னோட்டு ஆமைகள் பெருகிய பேலியோசீன், இயோசீன் காலங்கள் பூமி இன்றைவிடப் பெரிதும் வெப்பமாக இருந்த காலங்கள். இன்றைய வயோமிங்கின் குளிர்ந்த உயர்நிலத்தில் அப்போது முதலைகளும் பனை மரங்களும் இருந்தன. நீண்ட வெப்பப் பருவம், ஆழமான ஏரிகள், நிறைந்த மீன் ஆகியவை சேர்ந்தபோது ஆமைகள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வளர முடிந்தது. ஆனால் வெப்பம் மட்டுமே அளவைத் தீர்மானித்தது என்று கூற இயலாது. அதே நீர்நிலைகளில் அதே காலத்தில் சிறிய மென்னோட்டு ஆமைகளும் வாழ்ந்தன.

கடற்படிவில் கிடைத்த டிராஸிண்டெரிடீஸ் கடலில் வாழ்ந்ததா என்பது தனிக் கேள்வி. ஆற்றில் இறந்த உடல் மிதந்து கடலுக்கு வந்திருக்கலாம். மறுபுறம், கடல் நீர் இந்தக் குடும்பத்துக்கு அந்நியமில்லை. ஆப்பிரிக்க மென்னோட்டு ஆமை மத்தியதரைக் கடலில் துருக்கிக் கரையோரம் காணப்படுகிறது. ஆசியாவின் கேன்டர் மென்னோட்டு ஆமை ஆற்று முகத்துவாரங்களிலும் கடலோரத்திலும் வாழக்கூடியது. எனவே டெத்திஸ் கரையோர ஆழமற்ற நீரில் இந்த ஆமை வாழ்ந்திருப்பது சாத்தியமே. எலும்பிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் நன்னீருக்கும் கடல் நீருக்கும் வேறுபடுவதால், நன்கு பாதுகாக்கப்பட்ட மாதிரிகளில் இதைச் சோதிக்க வழியும் உண்டு.

இயோசீனுக்குப் பின் பூமி குளிர்ந்தது. பேராமைகளின் கிளைகள் மறைந்தன. குடும்பத்தின் பரவலும் சுருங்கியது. முன்பு மென்னோட்டு ஆமைகள் வாழ்ந்த ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் இன்று அவை இயற்கையாக இல்லை. எஞ்சியிருக்கும் பெரிய வகைகள், பேராமைகளை மீட்டுருவாக்க வேண்டிய அளவீடுகளைத் தரும் நேரடி ஆதாரங்கள். அவற்றுள் யாங்சி மென்னோட்டு ஆமையின் கடைசிப் பெண் ஆமைகளுள் ஒன்று 2019இல் சீனாவின் சூஜோ விலங்குக் காட்சியகத்தில் இறந்தது. உறுதியாக அறியப்பட்டவற்றின் எண்ணிக்கை இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியது. இந்தச் சிற்றினம் அழிந்தால், விகிதக் கணக்குகளின் பெரிய முனைக்கு ஒப்பிட அருங்காட்சியக எலும்புகள் மட்டுமே மிஞ்சும்.